விங்ஸுக்கு எந்த ரோ? இடுப்பு பிடிக்காம முதுகைக் கட்டுறது எப்படி?

போச்சம்பள்ளி சந்தை
வணக்கம் மக்களே. மாங்கா மண்டியில லோடு ஏத்தி இறக்குற நாலு பேருக்கு ஒரு முதுகு ஷெட்யூல் போடணும். வயசு 24க்கும் 38க்கும் நடுவுல. ஜிம்முல இருக்கறது: 5 அடி ராடு, 6 அடி ராடு, இரும்பு பிளேட் 2.5லிருந்து 20 கிலோ வரை, டம்பெல் 25 வரை, சாய்வு மாத்துற பெஞ்ச் ஒண்ணு, கீழ் புல்லி (கேபிளால எடையை இழுக்கற மெஷின்) ஒண்ணு, ஸ்குவாட் ஸ்டாண்ட் (ராடை மாட்டி வைக்கற தூண்). ஸ்மித் மெஷின் (ராடு தண்டவாளத்துல ஓடற வகை) கிடையாது. எல்லாருக்கும் சாயங்காலம்தான் நேரம், அதாவது நாள் முழுக்க மாங்கா கிரேட் (பெட்டி) தூக்கின பிறகு. ரோ, அதாவது எடையை உடம்பை நோக்கி இழுக்கற பயிற்சியில, ராடு ரோ, ஒத்தைக் கை டம்பெல், பெஞ்சுல கவுந்து இழுக்கறது, புல்லி, இதுல எதை முதல்ல வைக்கலாம்? விங்ஸும் (அக்குளுக்குக் கீழ ரெண்டு பக்கமும் விரியற முதுகுத் தசை) நடுமுதுகும் பலமாகணும், இடுப்பு பிடிச்சுக்கக் கூடாது.

ராடும் ரப்பரும்
ராடு ரோதான் அஸ்திவாரம்னு சொல்ற கட்சி நான். ஆனா பாதி ஜிம்முல ராடு ரோங்கற பேர்ல நடக்கறது, நின்னுக்கிட்டே தோளைக் குலுக்கறதுதான். ஒழுங்கா பண்ணணும்னா இப்படி:

ராடு பாதத்தோட நடுவுக்கு மேல இருக்கணும், ஷூ லேஸ் முடிச்சுக்கு நேரா. கால் இடுப்பு அகலம், முழங்கால் லேசா மடங்கட்டும். பின்னால இருக்கற சுவத்தை உட்காருற இடத்தால தொடப்போற மாதிரி இடுப்பைத் தள்ளிக்கிட்டே குனியுங்க. முதுகை வளைச்சுக் குனியறது வேற, இது வேற. உடம்பு தரையோட 30லிருந்து 45 டிகிரி. மூச்சை வயித்துக்குள்ள இழுத்து இறுக்கிட்டு, தொப்புளுக்கும் கடைசி விலாவுக்கும் நடுவுல ராடை இழுக்கணும். முழங்கை உடம்புலருந்து 45 டிகிரி விலகி இருந்தா போதும். மேல ஒரு நொடி நிறுத்தம், இறக்க ரெண்டு நொடி.

வழக்கமா ரெண்டு இடத்துல கெட்டுப்போகும். ஒண்ணு, அஞ்சாவது ரெப்ல (ஒரு தடவை இழுத்து இறக்கினா ஒரு ரெப், நிறுத்தாம பண்ற ரெப் எல்லாம் சேர்ந்தா ஒரு செட்) உடம்பு எழுந்துக்க ஆரம்பிக்கும். எழுந்தா விங்ஸுக்கு வேலை குறைஞ்சு கழுத்துப் பக்கத்து ட்ரபீஸுக்குப் போயிடும். உடம்பு 10, 15 டிகிரி எழுந்துச்சுன்னா அந்த செட் அங்கயே முடிஞ்சதுன்னு வெச்சுக்கங்க. ரெண்டு, மணிக்கட்டை உள்ள மடக்கி இழுக்கறது. முன்கை வலிக்கும், முதுகு சும்மா இருக்கும்.

ராடோட எடையையும் தெரிஞ்சுக்கங்க. 20 கிலோங்கறது 7 அடி ஒலிம்பிக் ராடுக்கு. நம்ம ஊர் ஜிம்மு 5 அடி ராடு அதுல பாதிகூட வராது. பழைய இரும்புக் கடைத் தராசுல ஒரு தடவை வெச்சுப் பார்த்தா சந்தேகம் தீர்ந்துடும்.

எலும்பு நரம்பு (பிசியோ, கிருஷ்ணகிரி)
முறை சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டவர் "கிரேட் தூக்கிய பிறகு" என்று எழுதியிருக்கிறார். விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். குனிந்து நிற்கும்போது கை தோளிலிருந்து நேராகத் தொங்குகிறது. இடுப்பின் கடைசி எலும்பிலிருந்து தோள் வரை சுமார் 45 செ.மீ. உடம்பு தரைக்கு இணையாக இருந்தால் ராடுக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரமும் அதே 45 செ.மீ. முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளோ டிஸ்க்கின் (முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை) நடுவிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளி இருந்துகொண்டு இதைத் தாங்க வேண்டும். 40 கிலோ ராடுக்கு 40 × 45 ÷ 5 = 360 கிலோ அளவுக்கு அந்தத் தசை இறுக வேண்டும். அந்த இறுக்கம் முழுவதும் டிஸ்க்கை நசுக்கும். மேலுடம்பின் சொந்த எடை இதில் சேரவில்லை. 45 டிகிரிக்கு எழுந்து நின்றால் தூரம் சுமார் 32 செ.மீ. ஆகி, கணக்கு 256க்கு இறங்கும். ஆரோக்கியமான முதுகு இதைத் தாங்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தசை காலையிலிருந்து 20 கிலோ கிரேட்டுகளைக் குனிந்து எடுத்து ஓய்ந்திருந்தால், இறுக்கம் தளரும் நேரத்தில் முதுகு வளையும். கனமும் வளைவும் ஒன்றாகச் சேர்வதுதான் ஆபத்து.

2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு மூன்று ரோக்களை அளந்து பார்த்தது. நின்று குனிந்து இழுக்கும் ராடு ரோவில் முதுகின் இரு பக்கமும் நன்றாக வேலை செய்தது, ஆனால் இடுப்புத் தண்டின் மேல் சுமையும் மூன்றில் அதுவே அதிகம். கம்பிக்குக் கீழே படுத்து உடம்பை மேலே இழுக்கும் தலைகீழ் ரோவில் விங்ஸும் மேல்முதுகும் மிக அதிகமாக இயங்கின, தண்டின் சுமை மிகக் குறைவு. ஒற்றைக் கை கேபிள் ரோ, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் தசைகளுக்கு வேலை கொடுத்தது.

ஆகவே ஒரு ரோவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: செட் முடியும்போது முதலில் ஓய்வது எது? விங்ஸ் ஓய்ந்தால் அந்த ரோ உங்களுக்குச் சரி. இடுப்பு முதலில் ஓய்ந்தால் அது முதுகுப் பயிற்சியே இல்லை. அன்றைக்கு இடுப்புக்கு வேலை இல்லாத ரோவுக்கு மாறிவிட வேண்டும்.

சிப்காட் நைட்ஷிப்ட்
அப்போ ராடு ரோவைத் தூக்கிப் போட்டுடலாமா டாக்டர்?

ராடும் ரப்பரும்
அவசரப்படாதீங்க தம்பி. குனிஞ்சு நிக்கற நிலையில இடுப்பை இறுக்கிப் பிடிக்கற பலமும் வேணும், மூட்டை தூக்கறவங்களுக்கு நிச்சயமா வேணும். பிசியோ சொன்னதுல நான் ஒத்துக்கறது நேரம்தான். ஏப்ரல்லருந்து ஜூலை வரைக்கும் சீசன், கூழ் ஃபேக்டரிக்கு தோத்தாபுரி மாங்கா லாரி லாரியா போகும். அந்த நாலு மாசம் இடுப்புக்கு மண்டியே ஜிம்மு. அப்போ ராடு ரோ வேணாம். ஆடி முடிஞ்சு லோடு குறைஞ்சதும் 25, 30 கிலோவுல ஆரம்பிச்சு 3 செட், 8 ரெப். எல்லா செட்லயும் 10 ரெப் சுத்தமா வந்தா அடுத்த வாரம் 2.5 கிலோ ஏத்துங்க, அதுக்கு மேல வேணாம். இன்னும் ரெண்டு ரெப் வரும்னு தோணும்போதே நிறுத்திடணும். ராடு ரோவுல கடைசி மூச்சு வரைக்கும் இழுக்கறது வெட்டி வீரம்.

பெண்ட்லே ரோ பத்தி யாராவது கேப்பீங்க, முன்னாடியே சொல்லிடறேன். ஒவ்வொரு ரெப்பையும் தரையிலருந்து எடுக்கற முறை அது, அமெரிக்க வெயிட்லிஃப்டிங் கோச் கிளென் பெண்ட்லே பேர்ல வழங்கறது. ஒவ்வொரு ரெப்புக்கும் முதுகை மறுபடி நேராக்கிக்க முடியும்ங்கறது நல்ல விஷயம். ஆனா ஒலிம்பிக் பெரிய பிளேட் 45 செ.மீ. விட்டம், ராடு தரையிலருந்து 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். நம்ம 10 கிலோ இரும்பு பிளேட் அவ்வளவு பெருசில்லை, ராடு இன்னும் கீழ போயிடும். பின்தொடை இறுக்கமா இருக்கறவங்க அதை எட்டிப் பிடிக்க முதுகை வளைச்சே ஆகணும். ரெண்டு பக்கமும் மரக்கட்டை வெச்சு உயரத்தைச் சரி பண்ணாம இதைத் தொடாதீங்க.

சிப்காட் நைட்ஷிப்ட்
உள்ளங்கை மேல பார்க்கற மாதிரி பிடிச்சா விங்ஸ் நல்லா பிடிக்குதுன்னு சொல்றாங்களே?

ராடும் ரப்பரும்
பிடிக்கும். முழங்கை உடம்போட ஒட்டிப் போறதால கீழ் விங்ஸுக்கு நல்ல இழுப்பு. அதே நேரம் பைசெப்ஸ் நார் முழு நீளத்துல சுமையைத் தாங்கும். பாடிபில்டர் டோரியன் யேட்ஸ் 1992லருந்து 1997 வரைக்கும் வரிசையா மிஸ்டர் ஒலிம்பியா. இந்தப் பிடியைப் பிரபலப்படுத்தினவரே அவர்தான், 1994ல இதே ரோவுல இடது பைசெப்ஸ் கிழிஞ்சுது. கனம் ஏத்தற நாள்ல உள்ளங்கை கீழ. கை மேல பார்க்கற பிடி வேணும்னா 12, 15 ரெப் வர்ற எடையில வெச்சுக்கங்க.

காக்கிக் கனவு பாலக்கோடு
அண்ணா, போலீஸ் செலக்ஷனுக்குக் கயிறு ஏறணும். புல்-அப் ரெண்டுக்கு மேல வரல. ஜிம் கிடையாது, ஸ்கூல் கிரவுண்டுல பேரலல் பார் மட்டும். தலைகீழ் ரோ அதுல பண்ணலாமா?

எலும்பு நரம்பு
தாராளமாக. உங்களுக்கு அதைவிட நல்லது இல்லை. பேரலல் பார் உயரமாக இருந்தால் உடம்பு சாய்வாக நிற்கும், சுலபமாக இருக்கும். இடுப்பு உயரக் கம்பி கிடைத்தால் கடினமாகும். உடம்பு எவ்வளவுக்குப் படுக்கையாகப் போகிறதோ அவ்வளவு கனம்.

குதிகால் தரையில், முட்டி நேராக, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. முதலில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துவிட்டு, அப்புறம் முழங்கையை மடக்குங்கள். மார்பின் கீழ்ப்பகுதி கம்பியைத் தொட வேண்டும். அங்கே ஒரு நொடி. இறங்கும்போது கை முழுக்க நீளட்டும், தோள்பட்டை எலும்புகள் விரியட்டும். அந்த விரிவை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் நடுமுதுகு வளர்வதில்லை.

தப்பு நடப்பது பெரும்பாலும் இப்படி: இடுப்பு தொய்வது, மார்பு எட்டாததால் தாடையை நீட்டிக் கம்பியைத் தொடுவது, தோள் காதுக்கு ஏறுவது. மூன்றில் எது வந்தாலும் முட்டியை மடக்கி, பாதத்தை உடம்புக்கு அருகில் கொண்டுவந்து சுலபமாக்கிக்கொள்ளுங்கள்.

ராடும் ரப்பரும்
தம்பி, கயிறுக்குப் பிடி முக்கியம். கம்பியில ரெண்டு துண்டைப் போட்டு, துண்டைப் பிடிச்சு தலைகீழ் ரோ பண்ணுங்க. வாரம் ரெண்டு நாள், 4 செட். முதல் ரெண்டு செட் கம்பியைப் பிடிச்சு 8லருந்து 12 ரெப், அடுத்த ரெண்டு துண்டுல வர்ற வரைக்கும். நாலு செட்லயும் 12 வந்துட்டா காலை 40 செ.மீ. உயரத் திண்டு மேல வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் பையில புஸ்தகம் வெச்சு நெஞ்சுப் பக்கமா மாட்டிக்கலாம். எடை கூட்ட முடியாத பயிற்சின்னு இதை ஒதுக்கறவங்க இந்த மூணு படியையும் தாண்டினதில்லை. புல்-அப்பையும் விட்டுடாதீங்க, கயிறுக்கு மேலருந்து இழுக்கற பலமும் தேவை.

போச்சம்பள்ளி சந்தை
ஸ்குவாட் ஸ்டாண்டுல ராடைப் போட்டு இதைப் பண்ணினா ராடு கழண்டு வந்துடாதா?

ராடும் ரப்பரும்
நல்ல கேள்வி. கொக்கி எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு பாருங்க. நீங்க இழுக்கற இழுப்பு ராடைத் தூணோட ஒட்டற திசையில இருக்கணும், வெளிய இழுக்கற திசையில இருந்தா எகிறிடும். ரெண்டு பக்கமும் 10 கிலோ பிளேட் போட்டுப் பூட்டுங்க. ஸ்டாண்டு ரெண்டும் தனித்தனியா நிக்கற வகைன்னா அடிக்கால் மேலயும் பிளேட் வைக்கணும்.

வெல்டிங் கடையில நிரந்தரமா ஒண்ணு அடிச்சுக்கறது இன்னும் நல்லது. பி கிளாஸ் ஜி.ஐ. பைப், ஒரு இஞ்ச் சைஸ். வெளி விட்டம் 33 மி.மீ. சுத்து வரும், கைக்கு அடங்கும். ரெண்டு தூணுக்கு நடுவுல 4 அடிக்கு மேல போகாதீங்க, போனா பைப் வளையும். நாற்காலி ரெண்டு, நடுவுல வேப்பங்கம்புன்னு வீடியோ பார்த்துட்டு யாரும் இறங்கிடாதீங்க. கம்பு முறிஞ்சா பின்மண்டைதான் தரையில படும்.

சிப்காட் நைட்ஷிப்ட்
ஓசூர்ல எங்க ஜிம்முல புல்லியில 60 போடுறேன், பக்கத்து ஜிம்முல 40ஏ கஷ்டமா இருக்கு. என்ன கணக்கு இது?

ராடும் ரப்பரும்
புல்லி எண்ணிக்கைதான் காரணம். எடையோட சேர்ந்து நகர்ற புல்லி ஒண்ணு இருந்தா கையில வர்ற கனம் பாதி. பேரிங் தேஞ்ச புல்லியில உராய்வு வேற சேரும். அந்த எண்ணை அந்த மெஷினுக்கு மட்டும் வெச்சுக்கங்க, ஜிம்முக்கு ஜிம் ஒப்பிடாதீங்க.

உட்கார்ந்த புல்லி ரோவுல இடுப்பு பிடிக்கறது பெரும்பாலும் இழுக்கும்போது இல்லை, கைப்பிடியை எடுக்கும்போது. காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு முன்னால கூன் போட்டு எட்டி எடுப்பாங்க, அந்த நொடியிலயே மொத்த எடையும் வளைஞ்ச முதுகு மேல. முட்டியை நல்லா மடக்கி, முன்னால தள்ளி உட்கார்ந்து, கைப்பிடியை எடுத்துக்கிட்டு, அப்புறம் காலால தள்ளிப் பின்னால போங்க. திருப்பி வைக்கும்போதும் அதே மாதிரி. இழுக்கும்போது உடம்பு முன்ன பின்ன 10 டிகிரிக்கு மேல ஆடக் கூடாது.

சிப்காட் நைட்ஷிப்ட்
இன்னொண்ணு. காலையில எழுந்ததும் முதுகு பண்ணக் கூடாதுங்கறாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு 6 மணிக்கு நேரா ஜிம்முக்குப் போறவங்களுக்கும் அது பொருந்துமா?

எலும்பு நரம்பு
கடிகாரம் முக்கியமல்ல, படுக்கையிலிருந்து எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே முக்கியம். படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். எழுந்த புதிதில் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் அதிகம். அதனால் தூங்கி எழுந்தவர்கள் குறைந்தது ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுக் குனியும் ரோவுக்குப் போக வேண்டும். இரவு முழுக்க விழித்திருந்தவருக்கு டிஸ்க் உப்பியிருக்காது. அவருக்குப் பிரச்சினை களைப்பு. இரண்டு பேருக்கும் விடை ஒன்றாகவே வருகிறது: பெஞ்சில் கவிழ்ந்து இழுங்கள். மார்கழியில் ஓசூர்க் குளிருக்கு உடம்பைச் சூடேற்றும் நேரத்தையும் 5 நிமிடத்திலிருந்து 10க்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரூர்க்காரி
வீட்டுல ரப்பர் பேண்டும் 5 லிட்டர் கேனும்தான். நாளெல்லாம் தையல் மெஷின்ல உட்கார்ற உடம்பு, தோள் முன்னால வளைஞ்சே கிடக்கு. எனக்கு எது?

எலும்பு நரம்பு
உங்களுக்கு விங்ஸைவிட தோள்பட்டை எலும்புகளின் நடுவும் பின்தோளும் முக்கியம் அம்மா. முழங்கை உடம்பை ஒட்டிப் போனால் விங்ஸ் வேலை செய்யும், 60, 70 டிகிரி விரித்து மார்பு உயரத்துக்கு இழுத்தால் மேல்முதுகு. விரித்து இழுப்பதைப் பேண்டில் செய்யுங்கள், 3 செட், 15 ரெப், பின்னால் வந்ததும் 2 நொடி நிறுத்தம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம்.

பேண்டைக் கதவில் மாட்டும்போது, நீங்கள் இழுத்தால் கதவு மூடிக்கொள்ளும் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் பக்கம் திறக்கும் கதவானால் தாழ்ப்பாள் கழன்று முகத்தில் அடிக்கும். பேண்டில் முடிச்சுப் போட்டு, கீல் இருக்கும் பக்கத்து இடுக்கில் முடிச்சு அந்தப்புறம் இருக்கும்படி வைத்துப் பூட்டுங்கள். வெயிலில் கிடந்த பேண்டை இழுத்துப் பாருங்கள், மெல்லிய வெடிப்பு தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேன் நிறையத் தண்ணீர் 5 கிலோ. கட்டிலில் இடது கையை ஊன்றி, இரண்டு காலும் தரையில் இருக்க, வலது கையால் கேனை இடுப்பை நோக்கி வளைவாக இழுக்க வேண்டும், நெஞ்சை நோக்கி அல்ல. மேலே வரும்போது தோள் கூரையைப் பார்த்துத் திரும்பினால் அது முறுக்கு. ஊன்றிய கை மேலுடம்பின் எடையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் இடுப்புக்குச் சுமை குறைவு. 5 கிலோ சீக்கிரம் சுலபமாகிவிடும். அப்போது கேனில் மணல் நிரப்பினால் ஏறக்குறைய 8 கிலோ.

ஒகேனக்கல் பரிசல்
ரோயிங் மெஷின் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கலயே? துடுப்பு போடறவங்களுக்கு முதுகு எப்படி இருக்கும்னு பார்த்ததில்லையா?

ராடும் ரப்பரும்
அது மூச்சுக்கும் இதயத்துக்குமான பயிற்சி. பாதிக்கு மேல வேலை கால்ல நடக்குது. முதுகு தடிக்கறதுக்கு அதை நம்ப வேணாம். வார்ம்-அப்புக்கு நல்லது: முதல்ல கால் தள்ளணும், அப்புறம் உடம்பு சாயணும், கடைசியாதான் கை. டேம்பர் (காத்துத் தடையைக் கூட்டிக் குறைக்கற நெம்புகோல்) 3லருந்து 5, அஞ்சு நிமிஷம். 10ல வெச்சா பலம் ஏறும்னு இடுப்பைக் கெடுத்துக்கறாங்க. பரிசல் துடுப்பு முன்பக்கம் போட்டுச் சுழட்டறது, இதோட சேராது.

அப்படியே அப்ரைட் ரோவும் இங்க கணக்குல வராது. நின்னு ராடைத் தாடை வரைக்கும் தூக்கறது தோளுக்கானது. பிடி குறுகலா இருந்து முழங்கை தோளுக்கு மேல போனா தோள் மூட்டுல இடிக்கும்.

எலும்பு நரம்பு
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரோ செய்த மறுநாள் நடுமுதுகில் தசை வலி இருந்தால் சரி. இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, மரத்துப்போவது, கால் பெருவிரலைத் தூக்க முடியாமை, இவை இருந்தால் ரோவை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு குறைந்தாலோ இரண்டு தொடையின் உட்பக்கம் மரத்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பெல்ட் கட்டிக்கொண்டு தொடர்வது இதற்கு வழி அல்ல.

போச்சம்பள்ளி சந்தை
ரொம்ப நன்றிங்க. இப்படி எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க. சீசன் முடியற வரைக்கும் செவ்வாய், வெள்ளி. செவ்வாய்: தலைகீழ் ரோ 4 செட் 8லருந்து 10, பெஞ்சுல கவுந்து டம்பெல் 3 செட் 10. வெள்ளி: ஒத்தைக் கை டம்பெல் ஒவ்வொரு பக்கமும் 3 செட் 10, புல்லி 3 செட் 12. ஆகஸ்ட்லருந்து செவ்வாய்க்கிழமை முதல் பயிற்சி மட்டும் ராடு ரோ, 30 கிலோ.

ராடும் ரப்பரும்
சரியா இருக்கு. டம்பெல் 10, 12 கிலோவுல ஆரம்பிங்க. ஒத்தைக் கைக்கு எப்பவும் பலம் குறைஞ்ச பக்கம் முதல்ல, அந்தப் பக்கம் எத்தனை வந்துச்சோ அத்தனையேதான் மறுபக்கமும். டெட்லிஃப்ட் (தரையிலருந்து ராடைத் தூக்கி நிமிர்றது) பண்றவங்க இருந்தா அதையும் ராடு ரோவையும் ஒரே நாள்ல சேர்க்காதீங்க.

பெஞ்சை 30க்கும் 45க்கும் நடுவுல வையுங்க. கை நீளமானவங்களுக்கு 30ல டம்பெல் தரையில இடிக்கும், அவங்களுக்கு 45. பெஞ்சோட மேல் விளிம்பு நெஞ்செலும்புக்கு வரணும், தொண்டைக்கு வந்தா மூச்சு முட்டும், வயித்துக்கு வந்தா முதுகு மறுபடி தொங்கிடும். டம்பெல்லை நீங்களே குனிஞ்சு எடுக்காம, கவுந்த பிறகு ஒருத்தர் கையில கொடுக்கட்டும். கிரேட் தூக்கின உடம்புக்கு அந்தக் குனிவும் மிச்சம்.

சிப்காட் நைட்ஷிப்ட்
எங்க பெஞ்ச் கவுந்து படுத்தா தலைப்பக்கமா சாஞ்சு, சீட் பக்கம் தூக்கி அடிக்குதுண்ணா.

ராடும் ரப்பரும்
சீட் பக்கத்து அடிக்கம்பி மேல 20 கிலோ பிளேட் ஒண்ணு வையுங்க, நின்னுடும். சாய்வு மாத்தற பின்னையும் பாருங்க. துளை தேஞ்சு பின் ஆடுச்சுன்னா அந்தத் துளையை விட்டுட்டு அடுத்ததுல போடுங்க. எல்லாத் துளையும் ஆடினா புது பின் கடைஞ்சு வாங்குங்க, ஓசூர்ல லேத்துக்குப் பஞ்சமா என்ன?